மனை யார் பேரில்?

2008 மே மாதம், வடமேற்கு லண்டனில் ஹாரோவில் இரண்டு படுக்கையறை கொண்ட அடுக்குமாடி வீடொன்றை 2,18,000 பவுண்டுக்கு வாங்கினேன். சாவி கைக்கு வந்த அன்று கும்பகோணத்துக்குப் பேசினேன். அப்பா மூன்று கேள்விகள் கேட்டார். தண்ணி வசதி எப்படி? அக்கம்பக்கம் யார்? மூன்றாவது, "மனை யார் பேர்லடா இருக்கு?"

நான் சிரித்தேன். "அப்பா, அதெல்லாம் நம்ம ஊர்ப் பிரச்சினை. இது இங்கிலாந்து. எல்லாம் கம்ப்யூட்டர்ல சுத்தமா இருக்கும்."

அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. மகன் வெளிநாட்டில் எம்.எஸ்ஸி. படித்தவன், கணினித் துறையில் ஆலோசகன், அவனுக்குத் தெரியாததா என்று நினைத்திருப்பார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு கூசுகிறது.

அப்பாவின் கேள்விக்குப் பின்னால் ஒரு கதை இருந்தது. அவர் பிறந்து வளர்ந்த வீடு ஒரு மடத்தின் அடிமனையில் இருந்தது. காவிரிக் கரை ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: சுவரும் ஓடும் நம்முடையவை, கீழே இருக்கும் மண் கோயிலுடையது அல்லது மடத்துடையது. வீட்டை விற்கலாம், ஆனால் கட்டடத்தை மட்டும்தான் விற்க முடியும். மண்ணுக்கு ஆண்டுதோறும் மனைவாடகை கட்ட வேண்டும். கொல்லையில் ஓர் அறை கட்டுவதற்கும் மடத்து அலுவலகத்தில் போய் நிற்க வேண்டும். தாத்தா நின்றார், அப்பாவும் நின்றார். பள்ளி ஆசிரியர் சம்பளத்தில் மிச்சம்பிடித்து 1989இல் தாராசுரம் பக்கம் 1,200 சதுர அடி மனை ஒன்றை அப்பா வாங்கியது அந்த நிற்பிலிருந்து தப்பிக்கத்தான். வாங்குவதற்கு மூன்று மாதம் எடுத்துக்கொண்டார். முப்பது வருடத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தார். மூலப்பத்திரத்தை ஒரு வக்கீலிடமும், அவர் சொன்னதைச் சரிபார்க்க இன்னொரு வக்கீலிடமும் காட்டினார். பட்டா, சிட்டா, புலப்படம் எல்லாம் பார்த்த பிறகும், சர்வேயரோடு வெயிலில் நின்று நான்கு மூலைக்கல்லையும் தானே தொட்டுப் பார்த்தார்.

அவர் மகனாகிய நான் என்ன செய்தேன்? வீட்டுத் தரகர் பரிந்துரைத்த சொலிசிட்டரையே வைத்துக்கொண்டேன். அவரை நேரில் பார்த்ததுகூட இல்லை. தபாலில் ஒரு கட்டுக் காகிதம் வந்தது. ஒட்டுத்தாள் இருந்த இடங்களில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன். வேலையில் நாற்பது பக்க மென்பொருள் ஒப்பந்தம் வந்தால் காற்புள்ளிக்குக்கூடச் சண்டை போடுகிறவன் நான்.

நான் வாங்கியது வீடல்ல. 1990 மார்ச் 25ஆம் தேதி தொடங்கிய 99 வருடக் குத்தகையில் மிச்சமிருந்த 80 வருடமும் பத்து மாதமும். ஆங்கிலத்தில் அதன் பெயர் லீஸ்ஹோல்ட். நம் மொழியில் அதன் பெயர் அடிமனை. சட்டப்படி ஒரு வித்தியாசம் உண்டு. அடிமனையில் சுவராவது நம்முடையது. லண்டனில் சுவரும் நிலச் சொந்தக்காரருடையது. சுவரில் பூசிய சாந்து வேண்டுமானால் என்னுடையதாக இருக்கலாம். காலம் முடிந்ததும் எல்லாம் அவருக்குத் திரும்பிப் போகும். லட்சக்கணக்கில் பணம் கொடுத்து மார்ட்கேஜ் கட்டிக்கொண்டிருந்தாலும், சட்டத்தின் கண்ணில் நான் டெனன்ட். குடியிருப்பவன்.

எதிர்த்துச் சொல்வதற்கு உள்ளதை முதலில் பார்த்துவிடுகிறேன். "எல்லா லீஸ்ஹோல்டும் மோசமா?" இல்லை. 999 வருடக் குத்தகை, மனைவாடகை கிடையாது, குடியிருப்பவர்களே நடத்தும் நிறுவனத்தின் பெயரில் நிலம் என்று இருந்தால் நிம்மதியாக வாங்கலாம். 2022 ஜூன் 30க்குப் பிறகு எழுதப்பட்ட புதிய நீண்ட குத்தகைகளில், சில விலக்குகள் தவிர, மனைவாடகை வாங்கவே கூடாது. சட்டம் அதைப் 'பெப்பர்கார்ன்' வாடகை என்கிறது, அதாவது ஒற்றை மிளகு. நம் கரைக்குக் கப்பல் கப்பலாக வந்து வாங்கிப்போன சரக்கு, இவர்கள் சட்டத்தில் ஒன்றுமில்லாததற்குப் பெயராகியிருக்கிறது. போகட்டும். பழைய குத்தகைகளை அந்தச் சட்டம் தொடவில்லை. நம்மவர்கள் முதல் வீடாக வாங்குவது பெரும்பாலும் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கட்டிய, விலை குறைந்த, பழைய குத்தகை வீடுகளைத்தான்.

"அடுக்குமாடிக்கு வேறு வழியே கிடையாது" என்பது அடுத்த வாதம். இங்கிலாந்துச் சட்டத்தில் இதற்கொரு காரணம் இருப்பது உண்மைதான். பழுதுபார்ப்பேன், பணம் கட்டுவேன் என்று ஒரு நிலச் சொந்தக்காரர் கொடுக்கும் உறுதி, அடுத்து வாங்குபவரைத் தானாகக் கட்டுப்படுத்தாது. குத்தகை வழியாகத்தான் அதைக் கட்டுப்படுத்த முடிந்தது. ஆனால் இந்தச் சிக்கலை ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் 1961இலேயே ஸ்ட்ராட்டா முறையால் தீர்த்துவிட்டது. சிங்கப்பூரும் மலேசியாவும் அதே வழியில் போயின. சென்னையில் ஃபிளாட் வாங்குகிற யாரும் முதலில் கேட்பது "யூ.டி.எஸ். எவ்வளவு?" என்றுதான். நிலத்தில் பிரிபடாத பங்கு எத்தனை சதுர அடி என்று பொருள். ஹாரோவில் என் யூ.டி.எஸ். பூஜ்யம். அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. இங்கிலாந்தும் 2004இல் காமன்ஹோல்ட் என்று ஒரு மாற்று முறையைக் கொண்டுவந்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் அதன்கீழ் வந்த குடியிருப்புகள் இருபதுகூட இல்லை. குத்தகையில் காசு வரும்போது கட்டுமானக்காரர் ஏன் அதை விடுவார்? மேஃபேர் நிலம் 1677இல் ஒரு கல்யாணத்தின் வழியாக ஒரு குடும்பத்துக்குப் போனது. அதில் பெரும்பகுதி இன்றும் அந்தக் குடும்பத்திடம்தான் இருக்கிறது. சென்னை மாகாணம் 1948இலேயே சட்டம் போட்டு ஜமீன்தாரி முறையை ஒழித்தது. ஜமீன் ஒழிந்த ஊரிலிருந்து கிளம்பி வந்து, விமானச் செலவும் செய்து, ஜமீனுக்குக் குடியானவனாகக் கையெழுத்துப் போட்டவன் நான்.

இனி அந்தப் பத்து மாதத்தைப் பற்றி. இதை இளையவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

1993ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஃபிளாட்டின் குத்தகையை 90 வருடம் நீட்டிக்கக் கேட்க நமக்கு உரிமை உண்டு. அதற்கொரு விலை கொடுக்க வேண்டும். மிச்சக் காலம் 80 வருடத்துக்கு மேல் இருந்தால் விலை குறைவு. 80க்குக் கீழே ஒரு நாள் இறங்கினாலும் 'மேரேஜ் வேல்யூ' வந்து சேரும். குத்தகையை நீட்டிப்பதால் வீட்டின் மதிப்பு எவ்வளவு கூடுகிறதோ, அதில் பாதியை நிலச் சொந்தக்காரருக்குக் கொடுக்க வேண்டும். யாருக்கும் யாருக்கும் கல்யாணம் என்று தெரியாது, சீர்வரிசை மட்டும் நம் தலையில். நான் வாங்கியபோது அந்த 80 வருடக் கோட்டுக்கு மேலே பத்து மாதம் இருந்தது. ஆனால் வாங்கி இரண்டு வருடம் ஆனால்தான் நீட்டிப்புக் கேட்கலாம் என்று அப்போது விதி. ஆக, எனக்கு உரிமை வருவதற்குள் கோட்டைத் தாண்டிவிடுவேன். இதற்கும் ஒரு வழி இருந்தது. விற்றவர் அங்கே பதினொரு வருடம் இருந்த அம்மையார். அவரையே நீட்டிப்பு நோட்டீஸ் கொடுக்கச் சொல்லி, அதன் பலனை விற்பனையோடு என் பெயருக்கு மாற்றி வாங்கியிருக்கலாம். வீட்டுச் சொத்துப் பார்க்கிற எந்தச் சொலிசிட்டருக்கும் தெரிந்த, நாள்தோறும் நடக்கிற காரியம். என் சொலிசிட்டரின் அறிக்கையில் ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது ஒரே வரி: மிச்சக் காலம் சுமார் 80 ஆண்டுகள், அது தங்களுக்குப் போதுமானதா என்பதைத் தாங்களே உறுதிசெய்துகொள்ளவும். அவ்வளவுதான்.

நடுவில் நடந்தவற்றை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். படிக்கட்டுக் கம்பளத்துக்கு ஒரு பில் வந்தது, கூரைக்கு ஒரு பில் வந்தது. ஒரு வீட்டுக்கு 250 பவுண்டுக்கு மேல் வருகிற பராமரிப்பு வேலையென்றால் குடியிருப்பவர்களைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆலோசித்தார்கள். நாங்கள் வேண்டாம் என்று எழுதினோம். அவர்கள் 'தங்கள் கருத்துக்கு நன்றி' என்று பதில் எழுதிவிட்டு வேலையைத் தொடங்கினார்கள். கம்பளத்தை எடுத்துவிட்டு மரத்தளம் போடக்கூட அனுமதி வேண்டும், அனுமதி கேட்கவும் கட்டணம். தாத்தா மடத்து வாசலில் நின்றார், நான் மின்னஞ்சலில் நின்றேன். 350 பவுண்டுக்கு மேல் பாக்கி வைத்தால், அல்லது மூன்று வருடத்துக்கு மேல் எந்தச் சிறு பாக்கி இருந்தாலும், குத்தகையையே பறிமுதல் செய்யும் நடவடிக்கையைத் தொடங்க வழியுண்டு என்பதை அப்போதுதான் படித்தேன். கடைசிவரை போவது அபூர்வம், நீதிமன்றப் பாதுகாப்பும் இருக்கிறது. ஆனாலும் லட்சக்கணக்கான பவுண்டு வீடு 351 பவுண்டுக் கடனுக்காக ஆபத்தில் நிற்க முடியும் என்று எழுதி வைத்திருப்பதை நாகரிகம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

2018இல் இரண்டாவது குழந்தை பிறந்ததும் வீட்டை விற்க முயன்றோம். வாங்க வந்தவருடைய சொலிசிட்டர் முதல் கடிதத்திலேயே கேட்டார்: குத்தகை 71 வருடம்தானே மிச்சம்? அவருடைய வங்கி பின்வாங்கியது, விற்பனை கலைந்தது. நீட்டிப்புக்கு நோட்டீஸ் கொடுத்தோம். பேரம் பேசி முடிந்த விலை 26,500 பவுண்டு. நிலச் சொந்தக்காரரின் வக்கீல், மதிப்பீட்டாளர் கட்டணத்தையும் நாம்தான் கொடுக்க வேண்டும் என்பது அன்றைய சட்டம். எல்லாம் சேர்த்து 32,000 ஆயிற்று. என் சொலிசிட்டர் மேல் வழக்குப் போடலாமா என்று விசாரித்தேன். ஆறு வருடக் கெடு 2014இலேயே போய்விட்டது. பிறகுதான் தெரியவந்தது என்றும் வாதிட முடியாது, அறிக்கையின் ஒன்பதாம் பக்கத்தில்தான் அந்த ஒரு வரி இருக்கிறதே.

அப்பா 2015இல் போய்விட்டார். தாராசுரத்து மனையை விற்றேன்.

அக்கா தன் பங்கை எழுதிக் கொடுத்தாள், ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மா மட்டும் "அவர் வெயில்ல நின்னு அளந்த மனைடா" என்றாள். வாங்க வந்தவர் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கெழுதுபவர். என்னால் ஊருக்குப் போக முடியாமல் பவர் அனுப்பியிருந்தேன். அவர் அதை நான்கு தடவை வாங்கிப் பார்த்தாராம். லண்டனில் எழுதிய பவர் இந்தியாவுக்கு வந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியிருக்கிறதா என்று தேதி பார்த்தார். வாரிசுச் சான்றிதழ் கேட்டார். 1989க்கு முன்னால் அந்த மனை யார் கையில் இருந்தது என்று கேட்டார். மூலைக்கல் ஒன்று புதைந்திருந்தது. தோண்டி எடுத்துக் காட்டிய பிறகுதான் முன்பணம் கொடுத்தார். அவர் என்னை இவ்வளவு சந்தேகப்படுகிறாரே என்று எனக்கு முதலில் கோபம் வந்தது. 25 லட்சம் ரூபாய். வரிப் பிடித்தம், 15சிஏ, 15சிபி படிவங்கள் எல்லாம் தாண்டி லண்டனுக்கு வந்த பணம், நிலமே இல்லாத ஒரு வீட்டுக்கு 90 வருடம் வாங்கப் போயிற்று.

ஊரில் ஒரு சென்ட் நிலம் வாங்க ஏழு கேள்வி கேட்கிற நாம் ஏன் இங்கே வாயடைத்துப் போகிறோம்? யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவரிடம் இதைப் புலம்பினேன். "அங்கை ரெண்டு பரப்புக் காணி வாங்கிறதெண்டாலும் தோம்பு பாக்காமல், உறுதியை நொத்தாரிசிட்டைக் காட்டாமல் வாங்க மாட்டம். பங்குக்காரனுக்கு முதல் உரிமை இருக்கோ எண்டு தேசவழமையும் பாப்பம். இஞ்சை வந்து நானும் உங்களை மாதிரித்தான், கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்து வச்சனான்" என்றார். அவருடையது 125 வருடக் குத்தகை. மனைவாடகை பத்து வருடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். நான் கணினிக்காரன், இரட்டிப்பு என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். 250 பவுண்டில் தொடங்கினால் ஐம்பதாம் வருடம் 8,000.

சோம்பலோ அறியாமையோ இல்லை. இது பக்தி. நம் ஊர்ச் சட்டம் ஓட்டை, அதிகாரி லஞ்சம், பத்திரம் போலி. வெள்ளைக்காரன் காகிதம் என்றால் சுத்தம். இந்த நம்பிக்கையைக் கப்பலேறும்போதே கூடக் கொண்டுவருகிறோம். காகிதம் சுத்தமாகத்தான் இருந்தது. என்னை யாரும் ஏமாற்றவில்லை. ஒவ்வொரு வரியும் அச்சில் இருந்தது. சுத்தமான காகிதத்திலும் அநியாயத்தை எழுதலாம் என்பது என் புத்திக்கு எட்டவில்லை, அவ்வளவுதான். நிலம் விற்பனையில் இங்கிலாந்துச் சட்டத்தின் பழைய கொள்கையே 'வாங்குபவன் பார்த்துக்கொள்ளட்டும்' என்பதுதான். அப்பாவுக்கு ஆங்கிலச் சட்டம் ஒரு வரிகூடத் தெரியாது. ஆனால் அந்தக் கொள்கைப்படி நடந்தவர் அவர்தான்.

இந்தப் பக்தியில் பிழைப்பு நடத்துகிற நம்மவர்களும் இருக்கிறார்கள். அவர்கள்மேல்தான் எனக்குக் கூடுதல் கோபம். சென்ற ஆண்டு பொங்கல் விழா ஒன்றில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு 'வெளிநாட்டில் உங்கள் சொந்த வீடு' என்று ஓர் உரை. நாற்பது ஸ்லைடு. வைப்புத்தொகை, வட்டி, ஸ்டாம்ப் டியூட்டி, வாஸ்துவுக்குக்கூட இரண்டு ஸ்லைடு. லீஸ் என்ற சொல் ஒரே ஒரு இடத்தில் வந்தது. எழுந்து கேட்டேன். "அண்ணா, அது சும்மா ஃபார்மாலிட்டி. சொலிசிட்டர் பாத்துக்குவார்." சொலிசிட்டர் பின்னாலேயே மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். பரிந்துரைக்குப் பணம் கைமாறினால் அதை வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டும் என்பது அவருடைய தொழில் விதி. "உங்கள் இருவருக்கும் இடையில் ஏதாவது உண்டா?" என்று கேட்டேன். அரங்கம் அமைதியானது. விழாக் குழுவிலிருந்து ஒருவர் வந்து தோளில் கைவைத்து, "நல்ல நாள்ல எதுக்கு சார்" என்றார். நல்ல நாளில்தானே பேச வேண்டும்? இருநூறு குடும்பம் வேறு எப்போது ஒரே கூரையின்கீழ் கிடைக்கும்?

இங்கிலாந்தில் மட்டும் ஐம்பது லட்சத்துக்குக் கிட்டத்தட்ட லீஸ்ஹோல்ட் வீடுகள். தமிழ்க் குடும்பங்களும் அவற்றில் இருக்கின்றன. நம் இதழ்களில் புலம்பெயர் வாழ்வின் பனியைப் பற்றி எத்தனை கதை, எத்தனை கவிதை! இழந்த வீட்டைப் பற்றி எழுதித் தீரவில்லை நமக்கு. இருக்கிற வீடு யாருடையது என்று ஒரு பக்கம் எழுதினோமா? அடிமனை என்ற சொல் நம்மிடம் நூறாண்டுகளாக இருக்கிறது. 2008இல் எவராவது ஒருவர், "தம்பி, இது அடிமனை வீடு, எண்பது வருஷம்தான் பாக்கி" என்று தமிழில் சொல்லியிருந்தால் நான் அந்த நிமிடமே அப்பாவைக் கூப்பிட்டிருப்பேன். லீஸ்ஹோல்ட் என்று சொன்னதால் தலையாட்டினேன்.

2024இல் பாராளுமன்றம் புதிய சட்டம் நிறைவேற்றியது. இரண்டு வருடக் காத்திருப்பு 2025 ஜனவரி 31இல் ஒழிந்தது. இன்று வாங்குபவர் சொத்து தன் பெயரில் பதிவான கையோடு நீட்டிப்புக் கேட்கலாம். நீட்டிப்பு 90 வருடம் அல்ல, 990 வருடம் என்றும், மேரேஜ் வேல்யூ கிடையாது என்றும் அதே சட்டத்தில் எழுதியிருக்கிறது. ஆனால் இதை எழுதுகிறபோது அந்தப் பிரிவுகள் நடைமுறைக்கு வரவில்லை. அதற்குள் நிலச் சொந்தக்காரர்கள் அவற்றை எதிர்த்து நீதிமன்றத்துக்குப் போனார்கள். 'சட்டம் வந்தாச்சு, பயமில்லை' என்று தரகர் சொன்னால், எந்தப் பிரிவு, எந்தத் தேதியிலிருந்து என்று கேளுங்கள்.

போன மாதம் என்னோடு வேலை செய்கிற ஒரு பெண், மதுரைப் பக்கம், வெம்பிளியில் ஒரு ஃபிளாட் பார்த்திருப்பதாகச் சொன்னாள். நிலப் பதிவகத்தின் இணையதளத்தில் 7 பவுண்டு கட்டினால் உரிமைப் பதிவேடு கிடைக்கும். ஃபிளாட்டுக்கு ஒன்று, அதன் அடியிலிருக்கும் ஃப்ரீஹோல்டுக்குத் தனியாக ஒன்று. இரண்டையும் எடுக்கச் சொன்னேன். சமையலறை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு இரவு பதினொன்றுவரை படித்தோம். மிச்சக் காலம் 83 வருடம். மனைவாடகை 200, இருபத்தைந்து வருடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். நிலம் ஒரு நிறுவனத்தின் பேரில், அந்த நிறுவனம் சானல் தீவுகளில். கூரையைச் சரிசெய்யப் போவதாக ஏதாவது நோட்டீஸ் வந்திருக்கிறதா என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்கச் சொன்னேன். தரகர் அவளுக்கு அன்று மட்டும் மூன்று தடவை செய்தி அனுப்பியிருந்தார். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போடாவிட்டால் வேறு ஆள் இருக்கிறாராம்.

வெள்ளிக்கிழமை போய் இரண்டு வாரம் ஆகிறது. அந்த வேறு ஆள் இன்னும் வரவில்லை. கூரையைப் பற்றிய பதிலும் வரவில்லை.